ரேடியோ அலையும் பிளாஸ்மா உறையும்: மடிக்கணினியில் கணக்கைத் தொடங்குகிறவர்களுக்கு

ஊட்டியை அடுத்த முத்தொரையில் மலைச்சரிவோடு சாய்ந்து கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இலிருந்து 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு வந்து சேரும் அலைகள் சூரியக் காற்று என்னும் பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து திரியும் வாயுவை, கடந்து வருபவை. பூமிக்கு அருகே அந்தப் பிளாஸ்மாவில் கன மீட்டருக்குச் சில பத்து லட்சம் எலக்ட்ரான்கள்தாம். அலை கொஞ்சம் மினுங்கும், அவ்வளவுதான். அங்கே சுவர் என்று ஒன்று கிடையாது.

அதே பிளாஸ்மாவை ஓர் உலோகப் பாத்திரத்துக்குள் அடையுங்கள், கதையே மாறிவிடும். எலக்ட்ரான் இலகுவானது, அயனியை முந்திக்கொண்டு சுவரில் போய் மோதி, சுவரை எதிர்மின்னாக்கிவிடும். பிறகு வரும் எலக்ட்ரான்களைச் சுவரே திருப்பி அனுப்பும். சுவரை ஒட்டி எலக்ட்ரான் வறண்ட ஒரு மெல்லிய பட்டை மிஞ்சும். இதுதான் உறை. இதன்மேல் ரேடியோ அலை வந்து விழுந்தால் உறை ஒரு டயோடு போல நடந்துகொள்ளும்: மாறுமின்னழுத்தத்தை (ஏ.சி.) வாங்கி நேர்மின்னழுத்தமாக (டி.சி.) தேக்கும். அந்த அழுத்தத்தில் அயனிகள் சுவரைத் தாக்கி உலோகத்தைப் பெயர்க்கும். சிப் செதுக்கும் அறையில் நமக்கு வேண்டியது இந்தத் தாக்குதல்தான். காந்திநகரில் உள்ள ஆதித்யா-யு, எஸ்.எஸ்.டி-1 போன்ற டோகமாக்குகளிலோ (காந்தப்புலத்தால் சூடான பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் கருவிகள்) இதுவே தலைவலி. பிளாஸ்மாவைச் சூடாக்க ரேடியோ அலை அனுப்பும் ஆன்டெனாவைச் சுற்றிப் பெயரும் உலோக அணுக்கள் உள்ளே போய்ப் பிளாஸ்மாவைக் குளிர்வித்துவிடும்.

கணக்குப் போடும் முன்னால் ஒரே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: உறையை உள்ளபடியே கண்ணி (மெஷ்) போட்டுத் தீர்க்கப் போகிறீர்களா, அல்லது எல்லை நிபந்தனை ஒன்றுக்குள் மறைத்துவிடப் போகிறீர்களா? இரண்டுக்கும் நடுவே நிற்கும் கணக்கு எதற்கும் உதவாது. புதியவர்களின் தோல்விகளில் பெரும்பாலானவை அங்கேதான் நடக்கின்றன.

முதலில் தாளும் பேனாவும்

எடுத்துக்காட்டாக ஒரு பிளாஸ்மா: ஆர்கான், கன மீட்டருக்கு 10¹⁵ எலக்ட்ரான், எலக்ட்ரான் வெப்பநிலை 3 எலக்ட்ரான்-வோல்ட், 5 செ.மீ. இடைவெளியில் எதிரெதிராக ஒரே அளவுள்ள இரண்டு தகடுகள், 13.56 மெகாஹெர்ட்ஸ்.

டெபாய் நீளம் (ஒரு மின்னூட்டத்தின் தாக்கத்தைப் பிளாஸ்மா மறைத்துவிடும் தூரம்) = 7434 × √(வெப்பநிலை ÷ அடர்த்தி) மீட்டர். வெப்பநிலை எலக்ட்ரான்-வோல்ட்டில், அடர்த்தி கன மீட்டருக்கு. விடை 0.41 மி.மீ.

எலக்ட்ரான் பிளாஸ்மா அதிர்வெண் = 8.98 × √அடர்த்தி ஹெர்ட்ஸ். விடை 284 மெகாஹெர்ட்ஸ். ஆர்கான் அயனி எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 72,800 மடங்கு கனம். அதன் வர்க்கமூலமான 270-ஆல் வகுத்தால் அயனி பிளாஸ்மா அதிர்வெண் 1.05 மெகாஹெர்ட்ஸ்.

அயனி உறைக்குள் நுழைய வேண்டிய போம் வேகம் = 9790 × √(வெப்பநிலை ÷ அணு நிறை) = வினாடிக்கு சுமார் 2.7 கி.மீ.

இந்த எண்களை எழுதியதோடு விடாமல் படித்துப் பாருங்கள். 13.56 என்பது 1.05-க்கும் 284-க்கும் இடையில் விழுகிறது. ஆகவே எலக்ட்ரான் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கூடவே ஆடும். அயனி சராசரியை மட்டுமே உணரும். இனி வரும் சூத்திரங்கள் எல்லாம் இந்த ஒரே அனுமானத்தின்மேல் நிற்பவை. அதிர்வெண்ணை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அவை செல்லாது. முத்தொரையின் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலை இந்தப் பிளாஸ்மாவை மயிரிழையில் கடந்துவிடும் என்பதையும் கவனியுங்கள். 13.56 கடக்காது, ஆனாலும் திறன் உள்ளே போகிறது. ஏனென்றால் அலை ஊடுருவும் ஆழம் இங்கே சுமார் 17 செ.மீ.; நம் இடைவெளியோ 5 செ.மீ. மட்டும்.

அலகில்தான் கால் வழுக்கும். 1 எலக்ட்ரான்-வோல்ட் 11,604 கெல்வின். 200 வோல்ட் உச்சம் என்றால் ஆர்.எம்.எஸ். 141, உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 400. ஹெர்ட்ஸுக்கும் ரேடியனுக்கும் நடுவே இருக்கும் 2π-ஐ விட்டுவிட்டால் அடர்த்தி ஏறத்தாழ 40 மடங்கு தப்பும். விடை பார்வைக்கு மட்டும் சரியாகவே தெரியும்.

அலை இல்லாத உறை

எடுத்த எடுப்பில் அலையைச் சேர்க்காதீர்கள். அசையா உறையை ஒரு பரிமாணத்தில் தீர்த்து வையுங்கள். பைத்தானில் சைபை நூலகத்தோடு முப்பது வரி போதும்.

தூரத்தை உறை விளிம்பின் டெபாய் நீளத்தாலும், மின்னழுத்தத்தை எலக்ட்ரான் வெப்பநிலையாலும் வகுத்துவிடுங்கள். விளிம்பில் அடர்த்தி நடுப்பகுதியின் 0.61 பங்குதான்; எனவே அங்கே டெபாய் நீளம் 0.52 மி.மீ. அழுத்த இறக்கத்தின் இரண்டாம் வகைக்கெழு = அயனி அடர்த்தி கழித்தல் எலக்ட்ரான் அடர்த்தி. எலக்ட்ரானுக்குப் போல்ட்ஸ்மன் அடுக்குக்குறி. அயனிக்கு 1 ÷ √(1 + 2 × இறக்கம்).

ஓட்டிப் பார்த்தால் எல்லாமே பூச்சியமாக வரும். பதற வேண்டாம். விளிம்பில் அழுத்தமும் சாய்வும் பூச்சியம் என்று கொடுத்தால் பூச்சியமும் ஒரு சரியான விடைதான். தீர்வி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். சாய்வுக்கு 0.01 என்று ஒரு சின்னத் தள்ளு கொடுங்கள், உறை எழுந்துவிடும்.

ஆர்கான் பிளாஸ்மாவில் மிதக்கும் (எதனோடும் மின்னிணைப்பு இல்லாத) சுவரில் இறக்கம் வெப்பநிலையைப் போல் 4.68 மடங்கு, அதாவது 14 வோல்ட். அந்த இடத்தில் மின்புலம் மி.மீ.க்கு 9 வோல்ட் வர வேண்டும். சமன்பாட்டை ஒருமுறை தொகையிட்டுக் கையாலேயே இதைச் சரிபார்க்கலாம்: சாய்வின் வர்க்கத்தில் பாதி = √(1 + 2 × 4.68) − 1 + 0.009 − 1 = 1.23. சாய்வு 1.57, அதை 3 வோல்ட்டால் பெருக்கி 0.52 மி.மீ.ஆல் வகுத்தால் 9. உங்கள் நிரல் 7 அல்லது 11.5 காட்டினால் மேலே போகாதீர்கள். பிழை அனேகமாக 0.61-ஐ மறந்ததாகவோ இரண்டுமுறை போட்டதாகவோ இருக்கும்.

டயோடாக மாறும் உறை

இப்போது சுவருக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே 200 வோல்ட் உச்சம் கொண்ட மாறுமின்னழுத்தத்தைச் சேருங்கள். தகடு மிதப்பதாக, அதாவது சராசரி மின்னோட்டம் பூச்சியமாக வைத்துக்கொண்டால்:

நேர்மின்னழுத்தம் = மிதப்பு அழுத்தம் + வெப்பநிலை × இயல் மடக்கை(பூச்சியப்படி மாற்றுப் பெசல் சார்பு I₀(உச்சம் ÷ வெப்பநிலை))

200 ÷ 3 = 66.7, அதற்குரிய பெசல் சார்பின் மடக்கை 63.6, 3 × 63.6 + 14 = 205 வோல்ட். 14 வோல்ட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த அயனி இனி 205-இல் மோதும். பட்லரும் கினோவும் 1963-இலேயே எழுதிவைத்த விளைவு இது.

பெசல் சார்பை நேராகக் கூப்பிடாதீர்கள். உள்ளீடு 700-ஐத் தாண்டியதும் எண் வழிந்து முடிவிலி வந்து நிற்கும். அடுக்குக்குறியால் வகுத்துத் தரும் வடிவம் சைபையில் இருக்கிறது. அதன் மடக்கையோடு உள்ளீட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உறைத் தடிமன் = 0.79 × விளிம்பு டெபாய் நீளம் × (அழுத்தம் ÷ வெப்பநிலை)^¾. நம் எடுத்துக்காட்டுக்கு 9.8 மி.மீ. மின்தேக்கம் சதுர செ.மீ.க்கு 0.09 பிக்கோஃபாரட், 100 சதுர செ.மீ. தகட்டுக்கு 9 பிக்கோஃபாரட், 13.56 மெகாஹெர்ட்ஸில் மின்மறுப்பு சுமார் 1.3 கிலோ ஓம்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: மின்னாக்கியின் அழுத்தத்தை உறையின் அழுத்தமாக எடுத்துக்கொள்வது. சமமான இரண்டு தகடுகள் இருந்தால் அது இரண்டு உறைகளுக்கும் பாதி பாதியாகப் பிரியும். உறையில் 200 வேண்டும் என்றால் தகடுகளுக்கிடையே 400 கொடுக்க வேண்டும்.

உறையைப் பார்த்துத் தீர்ப்பது: துகள் கணிப்பு

கையால் போட்ட சூத்திரம் எங்கே பொய்க்கிறது என்று காட்டுவது துகள்-கட்டக் கணிப்பு: இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எலக்ட்ரான்களையும் அயனிகளையும் துகள்களாக நகர்த்திப் பார்ப்பது. கட்டம் டெபாய் நீளத்தில் பாதி, 0.2 மி.மீ.; அதாவது 250 கட்டங்கள். காலப்படி எலக்ட்ரான் பிளாஸ்மா கோண அதிர்வெண்ணின் தலைகீழில் ஐந்தில் ஒரு பங்குக்குள், 0.11 நானோவினாடிக்குக் கீழே. ஒரு சுழற்சி 73.7 நானோவினாடி, சுழற்சிக்கு 800 படி வைத்தால் பத்திரம். கட்டத்துக்கு வகைக்கு 200 துகள். இரு வகையும் சேர்த்து ஒரு லட்சம்.

எத்தனை சுழற்சி? நடுவிலிருந்து சுவருக்கு நடந்து வர அயனிக்கு 9 மைக்ரோவினாடி ஆகும். அதுவே 126 சுழற்சி. நிலைபெற 1000 சுழற்சியாவது ஓட்டுங்கள். 50 சுழற்சியில் படம் அழகாக வந்துவிட்டது என்று நிறுத்தினால் கையில் இருப்பது நீங்கள் கொடுத்த தொடக்க நிலைதானே தவிர விடை அல்ல. துகள்களை நகர்த்துவது மொத்தம் 8,000 கோடி முறை. பைத்தானின் வெறும் சுழலில் ஒரு நாள் போனாலும் முடியாது. நம்பா என்னும் பைத்தான் தொகுப்பி கொண்டு தொகுத்து வினாடிக்கு 5 கோடி எட்டினால் 27 நிமிடம். ஊட்டிக் குளிரில் மடிக்கணினி சூடேறி வேகம் குறைவது அபூர்வம். அந்த மட்டில் சமவெளிக்காரர்களைவிட நமக்கு யோகம்.

கட்டத்தைப் பெரிதாக்கி நேரம் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். டெபாய் நீளத்தைவிடக் கட்டம் மிகப் பெரிதானால் எலக்ட்ரான்கள் காரணமே இல்லாமல் சூடேறும். சூடு ஏறினால் டெபாய் நீளமும் ஏறும். ஓர் அளவுக்குப் பிறகு சூடு தானே நின்றுவிடும். விடை நிலைபெற்றதுபோல் தெரியும். ஆனால் அந்த வெப்பநிலையை முடிவு செய்தது உங்கள் கட்டம். கட்டத்தைப் பாதியாக்கி இன்னொருமுறை ஓட்டுங்கள். எலக்ட்ரான் வெப்பநிலை நகர்ந்தால் குட்டு உடைந்துவிடும்.

சுவரில் இழந்த ஒவ்வோர் அயனிக்கும் நடுவில் ஒரு எலக்ட்ரான்-அயனி இணையைப் பிறப்பித்தால் தொடக்கத்துக்குப் போதும். மோதல்களோடு முறையாகச் செய்ய 2021-இல் வெளியான எடுபிக் என்ற இலவச நிரலைப் பிரித்துப் படிக்கலாம். அளவுகோல் வேண்டும் என்றால் டர்னரும் குழுவினரும் 2013-இல் தந்த நான்கு ஹீலியம் வழக்குகள் உள்ளன: 6.7 செ.மீ. இடைவெளி, 13.56 மெகாஹெர்ட்ஸ். முதல் வழக்கில் அடர்த்தி ஒத்துப்போகாத நிரலில் வேறு எதையும் நம்ப வேண்டாம்.

மின்னோட்ட வரைபடத்தில் மேலேறிய பொடி அதிர்வுகள் தெரிந்தால் எண்ணிரைச்சல் என்று வடிகட்டி எறிந்துவிடாதீர்கள். உறை ஒரு மின்தேக்கி; பிளாஸ்மா அதிர்வெண்ணுக்குக் கீழே பிளாஸ்மா ஒரு மின்தூண்டி. இரண்டும் தொடராகச் சேர்ந்தால் ஒத்ததிர்வு இல்லாமல் போகுமா? அதன் இடம்: பிளாஸ்மா அதிர்வெண் × √(இரு உறைகளின் மொத்தத் தடிமன் ÷ இடைவெளி). நமக்கு 284 × √(19.6 ÷ 50) = 178 மெகாஹெர்ட்ஸ். 13.56-இன் 13-ஆம் மடங்கு 176. ஒன்றின்மேல் ஒன்று உட்காருகின்றன! சம அளவுத் தகடுகளில் இது அடங்கியே இருக்கும். ஒரு தகடு சிறுத்தால் துள்ளும். இரைச்சலா ஒத்ததிர்வா என்று அறிய, துகள் எண்ணிக்கையை நான்கு மடங்காக்குங்கள். இரைச்சல் பாதியாகும், ஒத்ததிர்வு அப்படியே நிற்கும்.

உறையை மறைத்து அலையைத் தீர்ப்பது

டோகமாக் ஆன்டெனாவுக்கு மேலே சொன்னது நடக்காது. 50 மெகாஹெர்ட்ஸில் வெற்றிட அலைநீளம் 6 மீட்டர். ஓரப் பிளாஸ்மாவில் அடர்த்தி 10¹⁸, வெப்பநிலை 20 எலக்ட்ரான்-வோல்ட் என்றால் டெபாய் நீளம் 33 மைக்ரான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கி.மீ. ரயில் பாதை முழுவதையும் ஒரு சாண் அளவுகோலால் அளப்பது போன்ற விகிதம் இது. அதுவும் முப்பரிமாணத்தில்.

ஆகவே உறையைக் கண்ணியிலிருந்தே எடுத்துவிட்டு, அதன் வேலையைச் சுவர் செய்யுமாறு எழுதுகிறோம். டிப்போலிட்டோவும் மைராவும் 2006-இல் கொடுத்த நிபந்தனை: சுவரை ஒட்டிய மின்புலக் கூறு = (உறைத் தடிமன் × சுவருக்குச் செங்குத்தான மின் இடப்பெயர்ச்சி ÷ உறையின் மின்விடுதிறன்) என்பதன் சுவர்வழிச் சாய்வு. தடிமன் பூச்சியமானால் இது சாதாரண உலோகச் சுவர். அதையே முதல் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் இந்த நிபந்தனையை எழுத வசதி இல்லையென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. சுவரின்மேல் தடித்த ஒரு மின்காப்புப் படலம் வரைந்து, மின்தேக்கம் மாறாதபடி விடுதிறனை ஏற்றுங்கள். 300 வோல்ட் தேங்கினால் உறைத் தடிமன் 0.25 மி.மீ.; படலம் 5 மி.மீ. என்றால் சார்பு விடுதிறன் 20. படலத்தின் குறுக்கே விழும் அழுத்தமே உறை அழுத்தம். கூர்மையான மூலைகளில் மட்டும் இதை நம்பாதீர்கள், 5 மி.மீ.க்கு நிகரான வளைவு உள்ள இடத்தில் படலம் தன் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்கும்.

படலத்துக்கு அப்பால் இருப்பது குளிர் பிளாஸ்மாவின் விடுதிறன் அணி. டியூட்டீரியம், 2 டெஸ்லா, மேற்சொன்ன அடர்த்தி: காந்தக் கோட்டின் வழியே விடுதிறன் −32,000, குறுக்கே −8.7. இந்த ஏற்றத்தாழ்வுதான் கண்ணியைக் கொல்லும். காந்தக் கோட்டின் வழியே அலைநீளம் 60 செ.மீ. உள்ள மெது அலை, குறுக்கே 1.5 மி.மீ.க்குள் தேய்ந்துவிடும். அங்கே கண்ணி 0.3 மி.மீ. வேண்டும்; மற்ற இடங்களில் சென்டிமீட்டர் கணக்கில் போதும். மலை ரயிலுக்கும் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதானே பல்தண்டவாளம்? செங்குத்து எங்கே என்று பார்த்து அங்கே மட்டும் செலவழியுங்கள். எலிமென்ட் வகை எட்ஜ் எலிமென்ட்டாக (மின்புலத்தை முனைகளில் அல்லாமல் விளிம்புகளில் குறிக்கும் வகை) இருக்கட்டும். சாதாரண முனை எலிமென்ட்டுகள் இல்லாத அலைகளைக் காட்டும்.

இன்னொரு பள்ளம் அடர்த்தி சரிவில் இருக்கிறது. ஓரத்தை நோக்கி அடர்த்தி இறங்கும்போது குறுக்கு விடுதிறன் −8.7-இலிருந்து ஏறி, 1.0 × 10¹⁷ அருகே பூச்சியத்தைக் கடக்கும். கீழ் ஹைபிரிட் ஒத்ததிர்வு அது. கண்ணியை நுணுக்க நுணுக்க மின்புலம் அங்கே உயர்ந்துகொண்டே போகும். விடை ஒருபோதும் நிலைக்காது. தவறு உங்கள் கண்ணியில் இல்லை, சமன்பாட்டிலேயே முடிவிலி உட்கார்ந்திருக்கிறது. மோதல் அதிர்வெண்ணாகக் கோண அதிர்வெண்ணின் 0.01 பங்கைச் சேருங்கள், பிறகு 0.02 ஆக்கிப் பாருங்கள். முகட்டின் அகலம் மாறலாம், உறிஞ்சிய மொத்தத் திறன் மாறக் கூடாது.

மோதலைச் சேர்க்கும்போது குறியைப் பாருங்கள். காலச் சார்பு அடுக்குக்குறியில் கழித்தல் குறியோடு எழுதும் மரபும் கூட்டல் குறியோடு எழுதும் மரபும் உள்ளன. இயற்பியல் கட்டுரைகள் பெரும்பாலும் முதலாவது, பொறியியல் மென்பொருள்கள் பெரும்பாலும் இரண்டாவது. ஒன்றின் அணியை இன்னொன்றில் ஒட்டினால் பிளாஸ்மா திறனை உறிஞ்சாமல் உமிழத் தொடங்கும். உறிஞ்சுதிறனை வரைந்து பாருங்கள். எங்காவது எதிர்க்குறி தெரிந்தால் காரணம் இதுதான்.

இனி சுற்று. தடிமன் எல்லா இடத்திலும் 0.1 மி.மீ. என்று தொடங்கி அலையைத் தீர்க்கவும். உறை அழுத்தத்தை எடுக்கவும். பெசல் சூத்திரத்தால் நேர்மின்னழுத்தம், அதிலிருந்து புதிய தடிமன். அதை அப்படியே போடாமல் 0.3 பங்கு புதியது, 0.7 பங்கு பழையது என்று கலந்து திரும்பத் தீர்க்கவும். மிகப் பெரிய மாற்றம் 1 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நிறுத்தலாம். தடிமன் இரண்டு மதிப்புகளுக்கிடையே ஊஞ்சலாடினால் கலவையை 0.1-க்கு இறக்குங்கள்.

அதற்கும் அடங்காமல் ஆடினால், உண்மையிலேயே இரண்டு விடைகள் இருக்கலாம். தடிமன் மாறும்போது உறைக்கும் பிளாஸ்மாவுக்கும் உள்ள ஒத்ததிர்வு நகரும். அதனால் ஒரே திறனுக்குத் தாழ்ந்த அழுத்தம் ஒன்றும் உயர்ந்த அழுத்தம் ஒன்றும் பொருந்தக்கூடும். திறனைக் குறைவிலிருந்து படிப்படியாக ஏற்றி ஒருமுறையும், உச்சத்திலிருந்து இறக்கி ஒருமுறையும் ஓட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியின் தடிமனே தொடக்கம். இரண்டு வளைகோடுகளும் பிரிந்து நின்றால் இரண்டையும் அறிக்கையில் போடுங்கள். பிடித்ததை மட்டும் போடாதீர்கள்.

காந்தக் கோடு சுவரைச் சாய்வாகத் தொடும் இடங்களில் மேலே சொன்ன தடிமன் சூத்திரம் போதாது. 5 டிகிரிக்கும் குறைவான சாய்வை முதல் கணக்கில் தவிர்த்துவிடுவது நல்லது.

மின்சாரம் போகும் முன்

ஆனி, ஆடியில் கூடலூர், பந்தலூர் பக்கமும், ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மரம் சாய்ந்து கம்பி அறுவது புதிதல்ல. துகள் கணிப்பை 50 சுழற்சிக்கு ஒருமுறை சேமியுங்கள். ஒரு லட்சம் துகள், ஒவ்வொன்றுக்கும் இடமும் மூன்று திசைவேகங்களும்: 3.2 மெகாபைட்தான். ஒரே கோப்பின்மேல் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். எழுதும் நொடியில் மின்சாரம் போனால் பழையதும் போச்சு, புதியதும் போச்சு. தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பெயர் மாற்றுங்கள். அதற்கு முந்தையதையும் வைத்திருங்கள். துகள்களோடு சமவாய்ப்பு எண்ணாக்கியின் நிலையையும், சுழற்சி எண்ணையும் சேமிக்க வேண்டும். சுழற்சி தொடங்கும் கணத்திலேயே சேமித்தால் அலையின் கட்டம் (ஃபேஸ்) தவறாது. அலைக் கணக்குக்கு ஒவ்வொரு சுற்றின் தடிமன் வரைபடம் மட்டும் போதும்; மின்புலத்தை அதிலிருந்து ஒரே தீர்வில் மீட்டுக்கொள்ளலாம்.

சேமிப்பு வேலை செய்கிறதா என்று மழைக்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 100 சுழற்சி ஒரே மூச்சில் ஓட்டுங்கள். பிறகு 50-இல் நிறுத்தி, சேமித்ததிலிருந்து எழுப்பி 100 வரை ஓட்டுங்கள். ஒரே கோரில் ஓடும் நிரல் என்றால் இரண்டு விடைகளும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும்.